கோமிதாஸின் பியானோ பக்கங்கள் ஏன் இவ்வளவு வெறிச்சென்று இருக்கின்றன?

பியானோ கற்றுவரும் ஒருவர் கேட்ட கேள்வி இது. ஆர்மேனிய நாட்டுப்பாடல்களையும் நடனங்களையும் பியானோவுக்கு எழுதிய தொகுப்பு ஒன்று அவருக்குக் கிடைத்திருக்கிறது, எழுதியவர் நூறாண்டுக்கு முந்தைய ஆர்மேனியத் துறவியும் இசையமைப்பாளருமான கோமிதாஸ். பக்கங்களில் எழுத்தே குறைவு. பல இடங்களில் வலது கையில் ஒற்றை வரி, இடது கையில் இரண்டு மூன்று ஸ்வரம், அவ்வளவுதான். கிரேடு தேர்வுக்கு வாசிக்கிற துண்டுகளைவிடச் சுலபமாகத் தெரிகிறது, ஆனால் வாசித்தால் ஏதோ குறைகிறது. நடுவில் கார்டுகளை, அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களைச் சேர்த்து நிரப்பிக்கொள்ளலாமா, இவை எங்கிருந்து வந்தவை, எப்படி வாசிக்க வேண்டும் என்று கேட்கிறார்.

முதலில் நேரடியான பதில். எதையும் சேர்க்காதீர்கள். அந்த வெறுமை தெரிந்தே விடப்பட்டது. பெர்லினில் மூன்று வருடம் ஐரோப்பிய இசையை முறையாகப் படித்தவர், நினைத்திருந்தால் பத்து விரலுக்கும் வேலை கொடுத்து எழுதியிருக்க முடியும். எழுதவில்லை. அவர் பியானோவுக்குக் கொண்டுவந்தது மெட்டை மட்டும் இல்லை. அந்த மெட்டைப் பாடியவர்களின் குரல், வாசித்தவர்களின் வாத்தியம், ஆடியவர்களின் கால் எல்லாவற்றையும் சேர்த்துத்தான். இதெல்லாம் தெரிந்தபின் அந்தப் பக்கத்தைப் பார்த்தால் நிறைந்திருப்பது தெரியும். அதனால் வாசிக்கும் முறைக்குப் போவதற்கு முன் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்குகிறேன்.

கோமிதாஸின் இயற்பெயர் சொகொமோன் சொகொமோனியான். 1869-ல் ஒட்டோமான் பேரரசின் குத்தாஹ்யா ஊரில் பிறந்தார். அப்பா செருப்புத் தைப்பவர், அம்மா கம்பளம் நெய்பவர், இருவருமே நன்றாகப் பாடுவார்கள். பிறந்த மறுவருடம் அம்மா இறந்துவிட்டார், 1880-ல் அப்பாவும் போனார். ஆர்மேனியத் திருச்சபையின் தலைமைப்பீடமான எச்மியாத்சின் மடத்துக்கு நல்ல குரலுள்ள அநாதைப் பையன் ஒருவன் வேண்டும் என்று தேடியபோது, 1881-ல் இவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். வீட்டில் பேசியதெல்லாம் துருக்கி மொழி. ஆர்மேனியன் பேச வராது. ஆனால் கோயிலில் பாடிப் பாடிப் பாடமாகியிருந்த பழைய ஆர்மேனியத் துதிப்பாடலைத் தலைமை குரு நான்காம் கெவோர்க் முன்னால் பாடிக் காட்டினார். கேட்டவர் கண் கலங்கிப் பையனைச் சேர்த்துக்கொண்டார் என்பது ஆர்மேனியர்கள் சொல்லிச் சொல்லி மகிழும் கதை. 1893-ல் படிப்பு முடிந்தது. துறவியானபோது, ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த பாடலாசிரியரான ஒரு தலைமை குருவின் பெயரை இவருக்கு வைத்தார்கள். அதுதான் கோமிதாஸ். 1895 முதல் கோமிதாஸ் வர்தபெத். வர்தபெத் என்பது கல்வி கற்ற துறவிக்குரிய பட்டம்.

மடத்தில் படிக்கும்போதே அராரத் சமவெளிக் கிராமங்களில் பாட்டு எழுதத் தொடங்கிவிட்டார். கருவி எதுவும் கிடையாது. பின்னால் பார்டோக், கோடாய் என்ற இசையமைப்பாளர்கள் ஹங்கேரியில் எடிசன் போனோகிராஃப் என்ற ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். இவருக்குக் காதும் பென்சிலும்தான். ஆனால் கையில் ஒரு நல்ல ஆயுதம் இருந்தது. ஹம்பர்த்சூம் லிமோன்ஜியான் என்ற ஆர்மேனியர் 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய ஸ்வரக் குறியீட்டு முறை அது. ஐந்து கோடு போட வேண்டாம், உரைநடை எழுதுவது போல இடமிருந்து வலமாகக் குறிகளை எழுதிக்கொண்டே போகலாம், எழுத்துக்கு மேலே சின்னக் கோடு, புள்ளி வைத்து அளவைக் காட்டலாம். பழகியவர் பாடப் பாட எழுதிவிடலாம். கோமிதாஸுக்கு அது தாய்மொழி போல. ஊர்ப் பெண்கள் ஆடிக்கொண்டே பாடும்போது ஒதுங்கி நின்று எழுதியவை இன்றும் அந்தக் குறியீட்டிலேயே இருக்கின்றன.

அவர் சொல்லித் திரும்பத் திரும்ப வருவது ஒரு விஷயம்: பாட்டுக்கு இடம் உண்டு. கதிரடிக்கும் பாட்டு களத்தில் பிறக்கும், களத்தில்தான் பாடப்படும். அதையே வீட்டுத் திண்ணையில் உட்கார்த்திவைத்துப் பாடச் சொன்னால் விவசாயி கூச்சப்படுவார், அவருக்கு அது அர்த்தமில்லாத வேலை. அதனால் கோமிதாஸ் பாட்டைத் தேடி வேலை நடக்கும் இடத்துக்கே போனார்.

இதற்கு அவர் எழுதிய ஆய்வுகளில் எனக்கு மிகப் பிடித்தது லோரிப் பகுதியில் வர்தப்லூர் கிராமத்து உழவுப்பாட்டு பற்றியது. அங்கே மலைநிலத்தை உழப் பெரிய கனமான கலப்பை. அதற்குப் பல ஜோடி எருதுகளையும் எருமைகளையும் பூட்டுவார்கள். நுகத்தடிகளின் மேலே சின்னப் பையன்கள் உட்கார்ந்து மாடுகளை ஓட்டுவார்கள், பின்னால் மேழி பிடிப்பவர் நிற்பார். பாட்டு ஒருவர் வாயில் மட்டும் இருக்காது. மேழி பிடித்தவர் நீளமாக ஓர் இழுப்பு இழுப்பார், பையன்கள் எடுத்துக்கொள்வார்கள், நடுவில் மாட்டை அதட்டும் சத்தம், "ஹோ" என்ற கூவல், சால் முடிந்து திரும்பும்போது ஓர் ஓய்வு. இதில் எது பாட்டு, எது மாட்டுக்குச் சொன்ன கட்டளை என்று பிரிக்கவே முடியாது. கோமிதாஸ் பிரிக்கவில்லை. எந்தக் கூவல் வேலையின் எந்தக் கட்டத்தில் வருகிறது, எந்த ஸ்வரத்தில் இறங்குகிறது, ஏன் அந்த இடத்தில் தாளம் தளர்கிறது என்று ஒவ்வொன்றாக எழுதிவைத்தார். மாடு இழுக்கும்போது தாளம் இறுகுகிறது, கலப்பை கல்லில் மாட்டினால் பாட்டும் நிற்கிறது. அவர் தாளில் ஒரு ஸ்வரத்துக்கு மேலே நீட்டல் குறி போட்டிருந்தால் அதற்குக் காரணம் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். அழகுக்காகப் போட்டது என்று நினைத்துச் சுருக்கிவிடாதீர்கள்.

1896-ல் பாகு எண்ணெய் அதிபர் அலெக்சாந்தர் மந்தாஷேவ் பண உதவி செய்ய, பெர்லின் போனார். ரிச்சர்ட் ஷ்மிட்டிடம் இசையும், பல்கலைக்கழகத்தில் இசையியலும் படித்துவிட்டு 1899-ல் திரும்பினார். படித்துவிட்டு வந்தவருக்கு முன்னால் ஒரு பெரிய கேள்வி. கிராமத்துப் பாட்டுக்கு ஹார்மனி, அதாவது மெட்டுக்கு அடியில் கூடவே ஒலிக்கும் கார்டுகளின் அமைப்பு, கிடையாது. ஐரோப்பிய மேடைக்கு ஹார்மனி இல்லாமல் நடக்காது. அவர் காலத்திலும் அதற்கு முன்பும் ஆர்மேனியப் பாடல்களைக் கூட்டுக்குரலுக்கு அமைத்தவர்கள் ஜெர்மன் பாடப்புத்தக ஹார்மனியை அப்படியே அடியில் வைத்துவிட்டார்கள். மெட்டு ஆர்மேனியன், அடித்தளம் ஜெர்மன். கேட்டால் இரண்டும் ஒட்டவில்லை.

ஏன் ஒட்டவில்லை என்பதைச் சொல்ல நம் ஸ்வரங்களையே எடுத்துக்கொள்கிறேன், சுலபமாகப் புரியும். நாம் ச ரி க ம என்று நான்கு, ஒரு இடைவெளி விட்டு ப த நி ச என்று நான்கு, இப்படித்தான் ஒரு ஸ்தாயியைப் பார்க்கிறோம். மேல் ஸ்தாயியில் போனாலும் அதே ஸ்வரங்கள்தான். கோமிதாஸ் ஆர்மேனியப் பாட்டில் கண்டது வேறு. அங்கேயும் நான்கு ஸ்வரக் கட்டுகள்தான், ஆனால் ஒரு கட்டு முடியும் ஸ்வரத்திலேயே அடுத்த கட்டு தொடங்குகிறது. ச ரி க ம என்று முடித்து, அந்த மத்திமத்தையே ஷட்ஜமமாக வைத்து அதே இடைவெளிகளைப் போட்டால் ம ப த நி என்று வரும். அந்த நிஷாதம் கைசிகி. அதையும் ஷட்ஜமமாக வைத்து ஏறினால் நி ச ரி க. இப்போது மேலே வந்திருக்கும் காந்தாரத்தைப் பாருங்கள். கீழே அந்தர காந்தாரத்தில் தொடங்கினோம், மேலே அதைவிட அரை ஸ்வரம் தாழ்ந்த சாதாரண காந்தாரத்தில் வந்து நிற்கிறோம். வாத்தியத்தில் வாசித்துப் பாருங்கள், சட்டென்று பிடிபடும். அதாவது இந்த இசையில் எட்டாவது ஸ்வரம் வீட்டுக்குத் திரும்புவது கிடையாது. சங்கிலி போய்க்கொண்டே இருக்கிறது.

ஐரோப்பிய ஹார்மனி முழுக்க முழுக்க எட்டாவது ஸ்வரத்தில் வீடு திரும்புவதை நம்பிக் கட்டப்பட்டது. கீழே ஒரு காந்தாரமும் மேலே வேறு காந்தாரமும் இருக்கும் இசைக்கு அடியில் வழக்கமான மூன்று ஸ்வரக் கார்டை வைத்தால், ஏதாவது ஓர் இடத்தில் அது மெட்டை மறுத்துப் பேசும். நீங்கள் நிரப்பிக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு நான் வேண்டாம் என்று சொன்னது இதனால்தான். நீங்கள் சேர்க்கப்போகும் நடு ஸ்வரம் அநேகமாக ஒரு காந்தாரமாக இருக்கும், அதுதான் எல்லாவற்றையும் கெடுக்கும்.

கோமிதாஸ் கண்ட வழி, மெட்டுக்குள் ஏற்கெனவே இருக்கும் ஸ்வரங்களிலிருந்தே அடித்தளத்தை எடுப்பது. நான்கு ஸ்வரக் கட்டின் இரண்டு ஓரங்களும் மெட்டின் தூண்கள். அவற்றையே ஒத்தாகப் பிடித்தார். சுத்த பஞ்சம, மத்திம இடைவெளிகள், நடுவில் காந்தாரம் இல்லாமல். சில இடத்தில் இரண்டு கையும் ஒரே மெட்டை ஸ்தாயி விட்டு வாசிக்கும். சில இடத்தில் இடது கை ஒரு சின்னச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்கும். சில இடத்தில் இடது கைக்கு வேலையே இல்லை.

நடனங்களுக்கு வருவோம், உங்கள் தொகுப்பின் இதயம் அதுதான். 1906 வாக்கில் பாரிஸிலும் பெர்லினிலும் இருந்த நாட்களில் தொடங்கி அடுத்த பத்தாண்டில் கோமிதாஸ் பியானோவுக்கு எழுதிய நடனங்களில் பெயர் பெற்றவை ஆறு. வகர்ஷபாத்தின் மனுஷாகியையும் சேர்த்து ஏழாக வாசிப்பவர்களும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஊர்ப் பெயர் இருக்கிறது: எரெவானின் எராங்கி, ஷுஷியின் உனாபியும் மராலியும், வகர்ஷபாத்தின் ஷுஷிகி, கரினின் ஹெத் உ அராஜ், கரினின் ஷொரோர். கரின் என்பது இன்றைய துருக்கியின் எர்சுரும். ஊர்ப் பெயரை அவர் விட்டுவிடாததற்குக் காரணம் உண்டு, ஒரே நடனம் பக்கத்து ஊரில் வேறு நடையில் ஆடப்படும். முதல் சில பெண்கள் தனியாக ஆடுபவை, நளினமானவை. கடைசி இரண்டும் வரிசையாகக் கைகோத்து ஆடும் கூட்டநடனங்கள், நிலத்தில் கனமாகக் கால் பதிப்பவை.

இப்போது தலைப்புக்குக் கீழே இருக்கும் சின்ன எழுத்தைப் பாருங்கள். பலர் கவனிக்காமல் தாண்டிவிடுவார்கள். எந்த வாத்தியத்தின் பாணி என்று கோமிதாஸே குறித்திருக்கிறார். தார் என்பது நீண்ட கழுத்துள்ள, மீட்டுக்குச்சியால் மீட்டும் தந்தி வாத்தியம். நே ஒரு குழல். போக் இன்னொரு வகைக் குழல். தப் என்பது கஞ்சிராவைவிடப் பெரிய வட்டத் தோல் வாத்தியம். இந்தக் குறிப்பு இல்லாமல் இந்த இசையை வாசிக்கவே கூடாது என்பது என் கட்சி. தார் என்று போட்டிருந்தால் ஒரே ஸ்வரம் மீண்டும் மீண்டும் வரும் இடத்தில் மீட்டுக்குச்சி மேலும் கீழும் அடிப்பது காதில் விழ வேண்டும். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தொடக்கம் கூர்மை, பிறகு சட்டென்று தேய்வு. ஓசையை நீட்டும் பெடலை மிதித்தால் அது போயே போச்சு. தப் என்று போட்டிருந்தால் இடது கையில் இருப்பவை ஸ்வரங்கள் என்பதையே மறந்துவிடுங்கள். தோலின் நடுவில் அடித்தால் ஆழமான ஓசை, விளிம்பில் விரலால் தட்டினால் வறண்ட ஓசை. கீழ் ஸ்வரம் நடு, மேல் ஸ்வரம் விளிம்பு. அப்படித்தான் எழுதியிருக்கிறார்.

என்னிடம் இவற்றைப் படிக்க வருபவர்களை முதல் வாரம் பியானோவில் இடது கையை வைக்கவே விடமாட்டேன். பியானோ மூடியின் மேல், உள்ளங்கையால் கீழ் ஸ்வரம், விரல் நுனியால் மேல் ஸ்வரம் என்று இடது கை முழுவதையும் தட்டச் சொல்வேன். தட்டிக்கொண்டே வலது கை மெட்டை வாயால் பாட வேண்டும். நன்றாகப் பியானோ வாசிப்பவர்கள்கூட இதில் தடுமாறுவார்கள், ஏனென்றால் பாட்டின் அழுத்தம் ஒரு பக்கமும் தட்டின் அழுத்தம் இன்னொரு பக்கமும் இழுக்கும். அந்த இழுப்புதான் நடனம். அது உடம்பில் ஏறியபின் பியானோவைத் திறந்தால், அதே வெறிச்சென்ற பக்கம் வேறு மாதிரி ஒலிக்கும். "ஏதோ குறைகிறது" என்று நீங்கள் சொன்னது கார்டுகள் குறைவதால் வந்ததில்லை, இந்தத் தட்டு இல்லாததால் வந்தது என்று நினைக்கிறேன்.

வலது கையில் நுணுக்கம் வேறு இடத்தில் இருக்கிறது. மெட்டின் முன்னால் பொடி எழுத்தில் வரும் அலங்கார ஸ்வரங்களைப் பாருங்கள். மோஸார்ட்டில் பழகிய கை அவற்றைச் சிணுங்கலாக, மினுக்கி வாசிக்கும். இங்கே அவை தொண்டையின் வேலை. கிராமத்துக் குரல் ஒரு ஸ்வரத்தில் நேராக இறங்காது, கீழிருந்து தடவி ஏறும், விடும்போது சரிந்து விடும். குழலிலும் அப்படித்தான். பியானோவில் இரண்டு கட்டைகளுக்கு நடுவே இடமே கிடையாது, அதனால் அந்தத் தடவலைப் பொடி ஸ்வரமாக எழுதியிருக்கிறார். அழுத்தம் கொடுக்காமல், அடுத்த ஸ்வரத்தோடு ஒட்டி, கொஞ்சம் சோம்பலாகவே விடுங்கள். கமகம் கேட்டு வளர்ந்த காதுக்கு இது தானாக வரும்.

தாளக் குறி அடிக்கடி மாறுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது சொல்லின் பின்னால் போகிறது. ஒன், டூ, த்ரீ என்று எண்ணினால் திணறும், மூலப் பாடலைக் கேட்டு வார்த்தையோடு மனப்பாடம் செய்தால் எண்ணவே தேவையிருக்காது.

வேகத்தைப் பற்றியும் ஒன்று. ஷொரோர் என்றால் அசைதல், ஆடி அசைந்து போதல். பெரிய ஆண்கள் கூட்டம் தோளோடு தோள் ஒட்டி நிற்க, எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றும் நடை அது. அதை வேகமாக வாசித்துத் திறமை காட்டுபவர்களைக் கேட்டிருக்கிறேன். கூட்டம் சின்னப் பையன்களாக மாறிவிடுகிறது. ஒத்து நிலைத்து நிற்கட்டும், மெட்டு அதன்மேல் நிதானமாகச் சாயட்டும். ஜுர்னா என்ற அவர்களுடைய நாதஸ்வர வகை வாத்தியம் எப்போதும் ஜோடியாகத்தான் வரும், ஒருவர் மெட்டு வாசிக்க இன்னொருவர் ஒத்துப் பிடிப்பார். திறந்தவெளி வாத்தியம், பக்கத்தில் நின்றால் காது அடைக்கும். அந்த ஓங்கிய தொனி ஷொரோரின் முழக்கமான இடங்களில் வேண்டும். பணிவாக வாசித்தால் சரிப்படாது.

கோமிதாஸ் மட்டும்தான் இந்த வேலையைச் செய்தாரா என்றால் இல்லை. அவருக்கு மூத்தவர் நிகொகாயொஸ் திக்ரானியான், அலெக்சாந்த்ரபோலில், அதாவது இன்றைய கியும்ரியில், 1856-ல் பிறந்தவர். சிறுவயதிலேயே பார்வை போய்விட்டது. வியன்னாவில் பார்வையற்றோருக்கான நிறுவனத்தில் படித்துப் பியானோ கற்றார். ஊர் திரும்பி, நகரத்து வாத்தியக்காரர்கள் தாரிலும் கமாஞ்சா என்ற வில் வாத்தியத்திலும் வாசித்த, முகாம் எனப்படும் ராகம் போன்ற இசை வடிவங்களையும் நடனங்களையும் கேட்டுப் பியானோவுக்கு எழுதினார். அவருடைய பக்கங்கள் கோமிதாஸைவிட நிரம்பியவை, விரலுக்கு விருந்து. ஆனால் அது நகரத்து இசை, காக்கசஸ் முழுக்கப் பொதுவானது. கோமிதாஸ் போனது உழவனிடம். இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்தாலும் ஒரே மாதிரி வாசிக்கக் கூடாது. அதே போல அஷுக் என்று சொல்லப்படும் ஊர் ஊராகப் போகும் பாணர்களின் பாட்டு மூன்றாவது ஓடை. 18-ம் நூற்றாண்டின் சயாத் நோவா அதன் சிகரம். ஆர்மேனிய இசையமைப்பாளர் அர்னோ பாபஜானியான் 1978-ல் இன்னொரு இசையமைப்பாளரான கச்சதூரியானின் நினைவாக எழுதிய எலிஜி என்ற இரங்கல் இசை, பியானோவில் சயாத் நோவாவின் மெட்டின் மேல்தான் கட்டப்பட்டது. அங்கே பெடலும் உருக்கமும் தாராளமாகப் போடலாம், அதற்கென்றே எழுதப்பட்டது. அந்தப் பழக்கத்தோடு கோமிதாஸுக்கு வந்தால்தான் வம்பு.

கோமிதாஸின் வாழ்க்கையின் பின்பாதி தெரியாமல் உங்கள் கையில் இருக்கும் தொகுப்பு ஏன் இவ்வளவு சிறியது என்பது புரியாது. துறவி ஒருவர் காதல் பாட்டுகளைத் தேடி அலைவது மடத்தில் பலருக்குப் பிடிக்கவில்லை. 1910-ல் கான்ஸ்டாண்டிநோபிள், அதாவது இன்றைய இஸ்தான்புல், போய்க் குசான் என்று முந்நூறு பேர் கொண்ட பாடற்குழுவை அமைத்தார். ஆர்மேனிய இனப்படுகொலையின் தொடக்கமாக, 1915 ஏப்ரல் 24 இரவு ஒட்டோமான் அரசு ஆர்மேனிய எழுத்தாளர்களையும் அறிஞர்களையும் வீடு வீடாகப் போய்க் கைது செய்தபோது அவரும் பிடிபட்டு உள்நாட்டில் சாங்கிரிக்கு அனுப்பப்பட்டார். சில வாரங்களில் திருப்பி அனுப்பப்பட்ட மிகச் சிலரில் ஒருவர். உடன் போனவர்களில் பலர் கொல்லப்பட்டார்கள். திரும்பியவர் பழைய மனிதராக இல்லை. 1916-ல் மருத்துவமனை, 1919-ல் பாரிஸ், 1922 முதல் வில்ஜுயிஃப் மனநல மருத்துவமனை. 1935 அக்டோபர் 22-ல் அங்கேயே இறந்தார். உடல் மறு வருடம் எரெவானுக்குக் கொண்டுவரப்பட்டது.

அவர் எழுதிவைத்த பாடல்கள் மூவாயிரத்துக்கும் மேல் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. இன்று மிஞ்சியிருப்பவை ஆயிரத்து இருநூறு அளவில். காகிதங்கள் வீடு மாறி, ஊர் மாறிச் சிதறிப் போயின. பாடியவர்கள் நிலையோ அதைவிடக் கொடுமை. கரின், மூஷ், வான், ஆக்ன் பகுதிகளில் 1915-க்குப் பிறகு அந்தப் பாட்டைப் பாட அந்த ஊரில் ஆர்மேனியர் அநேகமாக இல்லை. மூஷ் பக்கத்துச் சூர்ப் கராபெத் மடத்துக்கு யாத்திரை போனவர்கள் ஆடிய நடனத்தை மூஷின் ஷொரோர் என்று பியானோவுக்கு எழுதியிருக்கிறார். மடமும் இல்லை, யாத்திரையும் இல்லை. ஹார்மனி சரியா, விரல் சரியா என்று நாம் பேசிக்கொண்டிருக்கும் அந்தத் தாள்தான் மிச்சம். எழுதியவர் ஒரு ஸ்வரத்தையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதினார் என்பதற்காக நான் அவருக்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் போதாது. மிஞ்சியவற்றை ராபர்ட் அதாயான் முன்னின்று ஒழுங்குபடுத்த, 1960 முதல் 2006 வரை 14 தொகுதிகளாக முழுத் தொகுப்பு எரெவானில் வெளிவந்தது. முடிந்தால் உங்கள் பிரதியை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மேற்கில் விற்கும் சில பதிப்புகளில் வாத்தியக் குறிப்புகளை விட்டுவிட்டு, பெடல் குறிகளைப் புதிதாகச் சேர்த்திருப்பார்கள்.

எதைக் கேட்பது? முதலில் கோமிதாஸின் குரலையே கேளுங்கள். பழைய கிராமஃபோன் தட்டுகளில் அவர் பாடியதும், அர்மெனாக் ஷாமுராத்யான் என்ற பாடகருக்கு அவரே பியானோ வாசித்ததும் பதிவாகியிருக்கின்றன. கரகரப்பைப் பொறுத்துக்கொண்டு பியானோவை மட்டும் கவனியுங்கள், எவ்வளவு குறைவாகத் தொடுகிறார், பாடகரை எவ்வளவு விடுகிறார் என்று தெரியும். அடுத்து குர்ஜீஃப் என்ஸெம்பிள் என்ற இசைக்குழு 2015-ல் வெளியிட்ட இசைத்தட்டு. லெவோன் எஸ்கெனியான் இந்தப் பியானோ துண்டுகளை மறுபடியும் தார், போக், ஜுர்னா, தப் வாத்தியங்களுக்கே திருப்பிக் கொடுத்திருக்கிறார். அதைக் கேட்ட கையோடு லூசினே கிரிகோர்யான் 2017-ல் பியானோவில் வாசித்த பதிவைக் கேட்டால் எந்த விரல் எந்த வாத்தியம் என்று பிடிபடும். கடைசியாக கிரிகோரி சொகொலொவ் 2002 நவம்பரில் பாரிஸில் ஆறு நடனங்களை வாசித்த கச்சேரிப் படம். பேத்தோவனுக்கும் புரோகோஃபியெவுக்கும் நடுவில் வைத்து வாசிக்கிறார், அந்த அரங்கு முழுக்க ஒற்றை ஸ்வரத்துக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறது. இவ்வளவு குறைவான எழுத்து அவ்வளவு பெரிய அரங்கை நிரப்பும் என்பதற்கு அதைவிடச் சாட்சி எனக்குத் தெரியாது.

நம் ஊர்ச் சம்பந்தம் ஒன்றும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆலன் ஹொவனெஸ் அமெரிக்காவில் பிறந்தவர், அப்பா ஆர்மேனியர். கோமிதாஸின் இசையை உள்வாங்கி, பியானோவில் ஆர்மேனிய வாத்தியங்களின் ஒலியை எழுப்பும் துண்டுகளை 1940-களில் எழுதியவர். 1959–60-ல் ஃபுல்பிரைட் என்ற அமெரிக்கக் கல்வி உதவித்தொகையோடு இந்தியா வந்து சென்னையில் கர்நாடக இசை கற்றார். மெட்ராஸ் சொனாட்டா என்றே அவருக்கு ஒரு பியானோ படைப்பு உண்டு. கோமிதாஸிடம் பழகிய கைக்கு அது உடனே பழகிவிடும்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், நடனங்களை இப்போதைக்கு மூடி வையுங்கள். கோமிதாஸ் பிள்ளைகளுக்காக நாட்டு மெட்டுகளில் எழுதிய பன்னிரண்டு சின்னத் துண்டுகள் இருக்கின்றன, அநேகமாக உங்கள் தொகுப்பிலேயே இருக்கும். ஒரு பக்கம்கூட வராது. அவற்றில் இரண்டை எடுத்து, பெடலைத் தொடாமல், பாடிக்கொண்டே வாசியுங்கள். அப்புறம் எராங்கி, அதில் இடது கையை முதலில் மூடியில் தட்டிப் பழகியபின். அதற்கடுத்து ஷுஷிகியும் உனாபியும். ஹெத் உ அராஜ் என்றால் பின்னும் முன்னும் என்று பொருள். அதை வாசிக்கும் முன் எழுந்து நின்று நான்கு அடி முன்னும் பின்னும் நடந்து பாருங்கள், இறுக்கம் எங்கே வருகிறது என்று கால் சொல்லிவிடும். கரினின் ஷொரோரும் மூஷின் ஷொரோரும் கடைசியில். இரண்டும் நீளமானவை, நடுவில் நடை மாறும், ஒரே மூச்சில் தாங்க மற்றவை கையில் இருந்தாக வேண்டும்.